லிஃப்ட் மெக்கானிக் இருபது வினாக்களொடு பொருத படலம்

வாழ்க, திருப்புளித் திலகன்! வாழ்க, எண்ணெய்க்கறை மார்பன்! வான்தொடு கட்டடங்களின் இருட்குழிகளுள் இறங்கி, நடுவழியில் மூச்சடைத்த லிஃப்டுகளை இருபத்திரண்டு ஆண்டுகளாக உயிர்ப்பித்த அம்மாவீரன், ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, மாதிரி வினாநூலின் விடைப்பக்கத்தின்மேல் தன் கையாலேயே தேநீர்க்கடலைக் கவிழ்த்துவிட்டுக் கோப்பையின்மேல் பழிபோட்டு நின்றான்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் பதவிக்கான ஆங்கிலத் தேர்வு. தேறினால் நாற்காலி; தவறினால் மறுபடியும் குழி. அவனுடைய முழங்கால்களோ குழி என்ற சொல் காதில் விழுந்தாலே முனகும் பருவத்தை எய்தியிருந்தன.

விடைப்பக்கம் மாண்டபின் நடுவர் வேண்டுமே? மனைவியின் தங்கை, பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் செம்மைப்பேனாச் செல்வி, சாப்பாட்டு மேசையின் எதிர்ப்புறம் வந்தமர்ந்தாள்.

போர்முரசு அதிர்ந்தது, பின்கட்டில் வாஷிங் மெஷின். வீரன் பென்சிலை உருவினான். காலங்காட்டும் வினைகள் இடப்புறம் வளைக்க, முன்னிடைச்சொற்கள் ஈசலென மொய்க்க, பின்னே களிற்றுப்படையாய் அசைந்து வந்தது ஒரு நெடும்பத்தி. அதில் ஒரு கழுதை ஆற்றைக் கடக்க மறுத்தது. ஏன் மறுத்தது என்பது வினா. பாவம், அதற்கும் முழங்கால் வலியாகத்தான் இருக்கும் என்று நெஞ்சுருகி, அவ்விடை நான்கில் ஒன்றாக இல்லாமை கண்டு, வினா எழுதியவனின் கல்மனத்தை நொந்து, வியர்வையாறு புருவக்கரை புரள, ஒன்றரை மணிநேரத்தில் இருபதையும் வெட்டிச் சாய்த்தான் அவன்.

தாளைக் கண்ட கொழுந்தியாளின் புருவம் வில்லென வளைந்தது.

"தேறுவேனா?" என இடியென முழங்கினான் வீரன்.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி முழங்கினான், கொஞ்சம் தண்ணீர் குடிக்கும்படி பதில் வந்தது. கடைசியில் மனைவிதான் பொறுக்கமாட்டாமல், "ஏங்க, ஒவ்வொரு கேள்விக்கும் மூணு மூணு டிக் எதுக்கு?" என்றாள்.

இல்லக்கிழத்தியின் அறியாமைக்கு இரங்கி, வீரன் எழுந்து நின்று பிரகடனம் செய்தான்: "பழுதானதுக்கு டிக். நல்லா இருக்கறதுல கை வைக்கக் கூடாது. எங்க லிஃப்ட் சோதனைத் தாள்ல இத்தனை வருஷமா அப்பிடித்தான்."

செம்மைப்பேனாச் செல்வி தாளைத் திரும்ப இழுத்து, டிக் படாமல் தப்பிய விடைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். அவள் உதடு அசைய அசைய, குழிகள் பல கண்ட அவ்வீரனும் மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணினான். பதினெட்டு சரி. தவறிய இரண்டில் கழுதையும் ஒன்று.

முழக்கமெல்லாம் வற்ற, "உள்ளதச் சொல்லும்மா" என்றான்.

"தேறிடுவீங்க மாமா, சரியானதுக்கு மட்டும் டிக் போட்டீங்கன்னா."