கணக்கு வாத்தியார் வாங்கிய நிதி

இந்த வருடம் அந்த நிதியை வாங்காமல் விடுவதில்லை என்று கணக்கு வாத்தியார் சபதம் செய்தபோது அவர் வாயில் டூத் பிரஷ் இருந்தது. அதனால் சபதம் குளியலறையைத் தாண்டி யாருக்கும் புரியவில்லை.

பழைய மாணவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு கல்வி அறக்கட்டளை நடத்தினார்கள். வகுப்பில் புதுசாக ஏதாவது செய்ய நினைக்கும் ஆசிரியர் ஒருவருக்கு வருடா வருடம் நிதி கொடுப்பார்கள். வாத்தியார் நாலு வருடம் விண்ணப்பித்தார். நாலு வருடமும் "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஒரே பதில். கமாவைக்கூட மாற்றவில்லை.

அதையும் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் போன வருடம், முதல் தடவையாக விண்ணப்பித்த அவர் மனைவிக்கு நிதி கிடைத்துவிட்டது. அதே பள்ளியில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர் அவள். பழைய காலுறைகளில் பொம்மை செய்து, வாயே திறக்காத பிள்ளைகளைப் பேச வைக்கும் திட்டம். அந்தக் காலுறைகளில் பாதி வாத்தியாருடையது. காலுறை கொடுத்தவனுக்கு ஒரு நன்றிகூட மேடையில் சொல்லவில்லை.

அவள் மாலையோடு சிரிக்கும் போட்டோவை ஆசிரியர் அறையில் மாட்டினார்கள். சரியாக அவர் நாற்காலிக்கு எதிரே. அன்றிலிருந்து அவருக்கு டீ இறங்கவில்லை, பிஸ்கட் இறங்கவில்லை. வயிற்றெரிச்சலுக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். போட்டோவைக் கழற்ற டாக்டரால் முடியுமா?

விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வந்த வாரமே மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். வாத்தியார் பக்கத்தில் போனால் கையால் மூடிக்கொண்டாள்.

"என்ன எழுதுற?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஏழு பக்கம்?"

"பக்கத்தை வேற எண்ணிட்டீங்களா?"

"கணக்கு வாத்தியார் எண்ணாம வேற யாரு எண்ணுவா?"

"அப்போ எண்ணிக்கிட்டே இருங்க. நான் குளிச்சிட்டு வந்துடறேன்." காகிதங்களை மேசையிலேயே வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் வாத்தியார் பாய்ந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். தலைப்பு: 'சமைத்துப் பார், கணக்கு வரும்.' எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம், விகிதம், எடை, நேரம் எல்லாம் அடுப்படியில் கற்றுக்கொடுப்பது. கேக்கை எட்டாக வெட்டினால் எட்டில் ஒன்று. பாலையும் மாவையும் கலந்தால் விகிதம்.

அவருக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பொம்மை போதாதென்று இப்போது என் பாடத்திலும் கை வைக்கிறாளா! எட்டாம் வகுப்புக் கணக்கு யாருடைய சொத்து?

பட்பட்டென்று ஏழு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்தார். மறுநாள் பாடமில்லாத நேரத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி எழுதினார். பக்கத்து நாற்காலி ஓவிய வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இவ்வளவு வேகம்? படிச்சுப் பார்த்து எழுதுங்க."

"படிக்கறதுக்கு நேரமில்லை சார். அவ முந்திடுவா."

மனைவிக்கு முன்னால் விண்ணப்பத்தைச் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அன்று அவருக்கு டீ இறங்கியது.

ஒரு மாதம் கழித்துத் தலைமையாசிரியை காலை வணக்கக் கூட்டத்தில் அறிவித்தார். நிதி கணக்கு வாத்தியாருக்கு! பிள்ளைகள் கை தட்டினார்கள். வாத்தியார் திரும்பி மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார். அது கறுக்கும் அழகைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு? அவள் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டே விட்டார்.

"உனக்குக் கொஞ்சம்கூடப் பொறாமையா இல்லையா?"

"எனக்கு எதுக்குங்க பொறாமை? சந்தோஷமாத்தான் இருக்கு."

அவளுக்குப் பொறாமை வரவில்லையே என்று அவருக்குப் பொறாமையாக இருந்தது.

விழாவில் பெற்றோர் கூட்டம் நிரம்பி வழிந்தது. அறக்கட்டளையின் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ், ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எத்தனையோ திட்டம் வந்தது. ஆனா இந்தத் திட்டத்துல நாலாவது பக்கம்தான் எங்க மனசைத் தொட்டது. வாசிக்கிறேன். 'தெரியாத ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எனக்கு உரிமை இல்லை. ஆகவே, முதலில் ஆறு மாதம், என் வீட்டில் மாலைச் சமையல் முழுவதையும் நானே செய்து பழகுவேன். பாத்திரங்களையும் நானே கழுவுவேன். தினசரிக் குறிப்பேட்டில் என் மனைவி கையெழுத்திடுவார்.' எந்த ஆம்பளை இப்படி எழுதுவாரு?"

கூட்டத்திலிருந்த பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆண்கள் வாத்தியாரை முறைத்தார்கள். வாத்தியார் நாலாவது பக்கத்தை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார். கழுத்தில் விழுந்த மாலை கயிறுபோல் கனத்தது.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் வெடித்தார்.

"நீ உனக்குன்னு எழுதினதுல எப்படி 'என் மனைவி கையெழுத்து' வரும்?"

"எனக்குன்னு எழுதினேன்னு நான் சொன்னேனா? ஒரு தடவை வாங்கினவங்க அடுத்த ரெண்டு வருஷம் விண்ணப்பிக்கவே கூடாதுங்க. விதிமுறையில முதல் வரியே அதுதான்."

"நான் விதிமுறை படிக்கலையே."

"தெரியும். நாலு வருஷமா அதனாலதான் கிடைக்கலை. ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்கு எட்டாங்கிளாஸ் பின்னம் எதுக்குன்னாவது யோசிச்சிருக்கலாம்."

"அப்போ யாருக்காக எழுதின?"

"உங்களுக்குத்தான். 'இந்தாங்க, உங்களுக்காக எழுதியிருக்கேன்'னு கையில குடுத்திருந்தா வாங்கியிருப்பீங்களா?"

அவள் ஒரு கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதை மட்டும் அவர் வாங்கிக்கொண்டார்.

வெங்காயம் நறுக்கியபோது அவர் அழுதது வெங்காயத்தால்தானா என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு யோசனை வந்தது. குறிப்பேடு மாதா மாதம் அறக்கட்டளைக்குப் போகும். சமையல் சகிக்கவில்லை என்று மனைவி எழுதினால்? 'இவருக்கு இது வராது' என்று பயிற்சியை ரத்து செய்துவிடுவார்களே! நிதியும் தங்கும், பெயரும் தங்கும், கரண்டி மட்டும் போகும்.

அன்றிலிருந்து வேண்டுமென்றே கெடுத்தார். சூப்பில் இரண்டு கைப்பிடி உப்பு. முட்டையைக் கரியாக்கினார். சோறு அடிப்பிடித்த வாசனையில் எதிர்வீட்டுக்காரர் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார். மனைவி நிதானமாகச் சாப்பிட்டாள், நிதானமாகத் தண்ணீர் குடித்தாள், நிதானமாகக் குறிப்பேட்டில் எழுதினாள். அவள் எழுத எழுத வாத்தியாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

மாதம் முடிந்தது. குறிப்பேடு அறக்கட்டளைக்குப் போய்த் திரும்பி வந்தது. வாத்தியார் ஆசையோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். மனைவியின் குண்டு குண்டான எழுத்து:

'ஆர்வம் நிறைய இருக்கிறது. கை இன்னும் பழகவில்லை. பயிற்சியை ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடமாக நீட்டித்தால் நிச்சயம் தேறிவிடுவார்.'

அதன் கீழே செயலாளர் பச்சை மையில் 'அப்படியே செய்க' என்று எழுதி, முத்திரையும் குத்தியிருந்தார்.