நானூற்று நாற்பத்தொன்பது கிராம்

"இந்த வருஷம் தோட்டத்து மருந்தை அரிவாள் கலக்காது. அறிவு கலக்கும்!"

எழுபத்து மூன்றாம் வருஷம், கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறு மணி. ஞானசிகாமணி வாத்தியார் காபித் தம்ளரை நங்கென்று வைத்து இப்படி அறிவித்தார். அவர் மனைவி ஞானபாக்கியம் இட்லித் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரெண்டும் சேந்து கலந்தா என்னங்க?"

"கூடாது."

வாத்தியாருக்கு இருபது வருஷமாக ஒரு மனக்குறை. ராயப்பன்பட்டியில் அவர் பி.எஸ்ஸி., பி.டி. பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அமிலம் என்ன, காரம் என்ன என்று அவரிடம் படித்தவர்களெல்லாம் இன்று ஆபீசுகளில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் அவர் தெருவில் போனால் ஊர் சொல்வது ஒன்றுதான்: "பாக்கியம் வீட்டுக்காரர் போறாக." காரணம், ஊருக்கு மேற்கே இருந்த ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். மாமனார் மகளுக்குக் கொடுத்தது. அதற்குப் பெயரே பாக்கியம் தோட்டம். உழைப்பும் அவள், யோசனையும் அவள். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை போய் நிழலில் நின்றுவிட்டு வருவார்.

இதை மாற்ற அவர் ஒரு பலகை எழுதி வாங்கிவிட்டார். 'ஞானசிகாமணி பி.எஸ்ஸி., பி.டி., திராட்சைத் தோட்டம்.' பச்சையில் மஞ்சள் எழுத்து. தோட்டத்து மோட்டார் ரூமில் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். அந்த ரூமின் சாவி ஒரு சாண் நீளத்துக்கு, கறுத்த இரும்பில், எப்போதும் அவர் சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருக்கும். இனி வாசலில் பலகையை மாட்ட ஒரு காரணம்தான் வேண்டும்.

காரணத்தை மழை கொண்டுவந்தது. நாலு நாளாகச் சுருளி மலைப் பக்கம் மேகம் கலையவில்லை. பக்கத்துச் சங்கரலிங்கத்தின் பந்தலில், எண்ணெய் தெறித்தது போல இலைகளில் மஞ்சள் புள்ளி விழுந்துவிட்டது. நோய் வேலி தாண்ட இரண்டு நாள் போதும். பிஞ்சு அப்போதுதான் மிளகு பருமன். இலை போனால் பழம் போச்சு, ஒரு வருஷம் போச்சு. இன்று மத்தியானம் மழை இறங்குவதற்குள் மருந்தடித்துக் காயவும் விட வேண்டும்.

மருந்து என்றால் மயில்துத்தமும் சுண்ணாம்பும். துத்தம் நோயைக் கொல்லும். அதைத் தனியாக அடித்தால் இலையையும் சேர்த்துக் கொல்லும். சுண்ணாம்பு அதை அடக்கி வைக்கும். போதுமான அளவு அடக்கிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தீட்டிய அரிவாளைக் கலவையில் இரண்டு நிமிஷம் முக்கி எடுப்பார்கள். இரும்பு செம்பு நிறத்தில் சிவந்து வந்தால் துத்தம் இன்னும் அடங்கவில்லை, சுண்ணாம்பு ஊற்று என்று அர்த்தம். வெள்ளையாக வந்தால் அடிக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் இது தெரியாத திராட்சை வீடு கிடையாது.

"காட்டுமிராண்டித்தனம்" என்றார் வாத்தியார். "கரைசல்னா என்ன? கரைப்பான் தண்ணி. கரைபொருள் துத்தம். எத்தனை லிட்டருல எத்தனை கிராம் கரைஞ்சிருக்கோ அது செறிவு. செறிவைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும். அரிவாளைக் கேட்டா கண்டுபிடிக்கிறது?"

"ரசத்துல உப்பு கூடிப்போறதத்தான செறிவுங்கிறீக?"

"ரசம் வேற, ரசாயனம் வேற!"

"சரி, போடுங்க கணக்கு."

போட்டார். தொட்டி இருநூறு லிட்டர். ஒரு சதவீதக் கரைசலுக்குத் துத்தம் இரண்டு கிலோ. இதுவரை பாக்கியமும் அதைத்தான் போட்டாள். ஆனால் அவள் இரண்டு கிலோ துத்தத்துக்குச் சுண்ணாம்பும் இரண்டு கிலோ போடுவாள். வாத்தியார் சிரித்தார். மூலக்கூறு எடையை எழுதினார், பெருக்கினார், வகுத்தார், அடிக்கோடு இட்டார்.

"நானூத்தி நாப்பத்தொம்பது கிராம் போதும்! உங்க பரம்பரையே சுண்ணாம்பை வீணடிச்சிருக்கு."

"இலை கருகிருச்சுன்னா?"

"கருகாது."

"கருகினா?"

"ஒரு வருஷத்துக்கு, வாரா வாரம் சனிக்கிழமை, நான் மாவாட்டுறேன். கருகலைன்னா, வாசல்ல என் பலகை மாட்டப்படும். உங்கண்ணன் முன்னால நீ என்னைக் கெட்டிக்காரன்னு சொல்லணும்." உற்சாகத்தில் அவரே ஒரு நிபந்தனையும் சேர்த்தார். "அரிவாளோ கத்தியோ, எந்த இரும்பும் அந்தத் தொட்டிக்குள்ள போகக் கூடாது. போட்டுப் பாத்தவுக தோத்தவுக."

பாக்கியம் இட்லித் தட்டை இறக்கி வைத்தாள். "சரிங்க. நீங்க சொன்னது சொன்னதுதான்."

ஏழரைக்குத் தோட்டம். வாத்தியார் பள்ளி ஆய்வகத்திலிருந்து கண்ணாடிப் பெட்டி போட்ட தராசை இரவல் வாங்கி வந்திருந்தார். அது இருநூறு கிராமுக்கு மேல் தாங்காது. பாக்கியம் வீட்டில் பானையில் மூடி வைத்திருந்த புதுச் சுண்ணாம்புக் கல்லோ ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன். அதை எப்படி இந்தத் தட்டில் வைப்பது? போன கிறிஸ்துமசுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு ஒரு சாக்கில் மோட்டார் ரூமில் கிடந்தது. மாவு போலப் பொடிந்திருந்தது. சிட்டிகை எடுத்துத் தட்டில் வைக்கலாம், சிட்டிகை எடுத்துக் குறைக்கலாம். அதையே மூன்று தடவையாக நிறுத்தார்.

"அது காத்துப் பட்டுச் செத்த சுண்ணாம்புங்க" என்றாள் பாக்கியம்.

"சுண்ணாம்புக்கு ஏது உயிர்?"

அவள் வேலைக்காரர் அழகரிடம் வேலிப் பக்கம் நின்று ஏதோ சொன்னாள். பிறகு, சோறு வடிக்க வேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

துத்தத் தண்ணீரையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் தொட்டியில் ஒன்றாக ஊற்றினார்கள். பாக்கியம் கலக்கினால் தயிர் மாதிரி திரண்டு வான நீலத்தில் நிற்கும். இன்று தண்ணீராக, பளிச்சென்று, கண்ணைக் குத்தும் நீலத்தில் நின்றது. அடியில் கொஞ்சம் வெள்ளை மண் படிந்தது.

"என்னங்கய்யா இது, கூல்டிரிங்சு மாதிரி இருக்கு?" என்றார் அழகர்.

"சுத்தமான கரைசல் அப்படித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டாரே தவிர, வாத்தியார் தொட்டியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். மலை மேலே மேகம் ஒரு படி இறங்கியிருந்தது. அழகர் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, "ரொப்பட்டுமாய்யா?" என்றார்.

"கொஞ்சம் பொறு. போயி முகத்தைக் கழுவிட்டு வா."

"எதுக்குங்கய்யா?"

"மருந்தடிக்கிற ஆள் சுத்தமா இருக்கணும்."

அழகர் கிணற்றுப் பக்கம் மறைந்ததும் வாத்தியார் நாலு பக்கமும் பார்த்தார். அரிவாள் கூடாது, கத்தி கூடாது. ஆனால் சாவி? சட்டைப் பையிலிருந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்து, மண்ணில் நன்றாகத் தேய்த்து, பிடியை இரண்டு விரலால் பற்றித் தொட்டியில் முக்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம். எடுத்தார்.

புதுச் செம்புக் குடம் போல ஜொலித்தது சாவி.

வாத்தியாருக்கு உண்மையாகவே பயம் வந்தது. பலகை மறந்தது, பந்தயம் மறந்தது. இருபது வருஷம் அவள் குனிந்து நிமிர்ந்து வளர்த்த கொடி தலைக்கு மேலே பசேலென்று நின்றது. இதை அடித்தால் நாளைக் காலையில் அத்தனையும் தீப்பட்டது போல நிற்கும். அடிக்காவிட்டால் சங்கரலிங்கத்தின் நோய் வரும். உயிருள்ள சுண்ணாம்பு வேண்டும், உடனே வேண்டும். அது வீட்டில் இருக்கிறது. பாக்கியத்துக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும்.

"நான் வர்ற வரைக்கும் தொடாதே!" என்று அழகரிடம் கத்திவிட்டு சைக்கிளை மிதித்தார்.

பாக்கியம் அடுப்பங்கரையில் இருந்தாள். வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்து பானை பானையாகத் திறந்து பார்த்தார்.

"என்ன தேடுறீக?"

"சாக்பீசு."

"உளுந்துப் பானையிலயா?"

"இங்கன ஒரு சுண்ணாம்புப் பானை இருந்துச்சே?"

"கணக்குப்படி போட்டாச்சுன்னு நெனச்சேன்?"

"ஆச்சு, ஆச்சு! இது வெத்தலைக்கு."

"உங்களுக்கு எப்ப இருந்து வெத்தலைப் பழக்கம்?"

"இப்ப இருந்து. திடீர்னு ஆசையா இருக்கு."

"பாவம், ஆசையா கேக்குறீக." அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தாள். வெற்றிலையைத் துடைத்தாள். காம்பு கிள்ளினாள். பாக்கை வெட்டினாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றார்.

"அந்தக் கல்லுச் சுண்ணாம்பு எங்க, பாக்கியம்?"

"அதையா கேட்டீக? எங்கண்ணன் காலையில வாங்கிட்டுப் போயிட்டாக. நமக்குத்தான் மிச்சமாச்சே. வாயைத் தொறங்க."

வெற்றிலை வாய்க்குள் போனது. சுண்ணாம்பு நாக்கைச் சுட்டது. மச்சான் தோட்டம் மூன்று மைல். போய் வருவதற்குள் மழை வந்துவிடும். வாத்தியார் கலங்கிய கண்ணோடு வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்த சுண்ணாம்பு டப்பா ஐம்பது கிராம் இருக்குமா? இருநூறு லிட்டருக்கு அது எத்தனை சதவீதம்? கணக்கு ஓடவில்லை. டப்பாவைப் பறித்துக்கொண்டு ஓடினார்.

"காபி குடிச்சிட்டுப் போங்களேன்!" என்றாள் பின்னாலிருந்து.

தோட்டத்து வாசலில் சைக்கிளைப் போட்டபடி உள்ளே பார்த்தார். அழகர் பந்தலில் பாதிக்கு மேல் அடித்துவிட்டார்.

"ஏலே அழகரு! நிறுத்துலே! யாரைக் கேட்டு அடிச்ச?"

"மழ வருதுல்லங்கய்யா. ஏன், கலவை சரியில்லையா?"

சரியில்லை என்று சொல்ல வாய் எப்படி வரும்? தொட்டியை நோக்கி ஓடினார். எட்டிப் பார்த்தார். தயிர் மாதிரி திரண்டு, வான நீலத்தில் நின்றது மருந்து. வேலியில் செருகியிருந்த அழகரின் அரிவாளை உருவி, மறைவாக முக்கி எடுத்தார். வெள்ளை. சுத்தமான வெள்ளை.

வாத்தியார் சிறிது நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. வேதிவினை முடிய நேரம் வேண்டும்! அவசரப்பட்டுச் சாவியை முக்கியது தன் தப்பு. கணக்கு தப்பவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை வேலிக்கு அப்பால் வீசி எறிந்தார். அடித்து முடித்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் மழை விழுந்தது.

எட்டு நாள் ஓடியது. சங்கரலிங்கத்தின் பந்தலில் இலை கொட்டிற்று. பாக்கியத்தின் பந்தலில் ஒரு புள்ளி இல்லை, ஒரு கருகல் இல்லை. வாத்தியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மூன்று பீரியடு இதையே பாடமாக நடத்தினார். ஒரே ஒரு உறுத்தல், சாவி. சிவப்பைப் போக்க இரண்டு நாள் புளி போட்டுத் தேய்த்தார். புளி போட்டால் செம்பு என்ன செய்யும் என்று அவருக்கு வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை. இன்னும் பளபளத்தது.

"புளிப் பானையில கை வச்சது யாருங்க?" என்று பாக்கியம் கேட்டாள். வாத்தியாருக்குக் காது கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து மச்சான் ஜேசுராஜ் நேரே தோட்டத்துக்கு வந்தார். பந்தலை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார். பாக்கியம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சொன்ன சொல் தவறாமல், "அண்ணே, உங்க மாப்ள ரொம்பக் கெட்டிக்காரர்" என்றாள்.

வாத்தியாருக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது.

"பலகை எங்கன மாப்ள? மாட்டிருவோம்" என்றார் ஜேசுராஜ்.

"மோட்டார் ரூம்ல இருக்கு மச்சான்" என்றவர், அங்கேயே நின்றுவிட்டார். கை சட்டைப் பைக்குப் போனது. போன கை வரவில்லை.

"சாவியக் குடுங்க" என்றாள் பாக்கியம்.

"அப்புறம் பாத்துக்கலாம். பலகைக்கு என்ன அவசரம்?"

"இருபது வருஷமாக் காத்திருந்தீக. குடுங்க."

அவளே பைக்குள் கை விட்டு எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். ஜேசுராஜ் சாவியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷமாகத் திராட்சை போடுகிறவர். சாவியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, சாவியத் தொட்டியில போட்டா தொறந்தீக?"

அழகர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். வாத்தியார் அவரைப் பிடித்துக்கொண்டார். "அழகரு, உண்மையச் சொல்லு. நான் வீட்டுக்குப் போனப்ப என்ன நடந்துச்சு?"

"ஆத்தா காலையிலேயே கல்லுச் சுண்ணாம்பத் தண்ணியில நீத்தி, வாழைக்குழியில பானையில வச்சிருந்தாகய்யா. நீங்க அங்கிட்டுப் போனதும், அருவா வெள்ளையா வர்ற வரைக்கும் ஊத்தச் சொன்னாக. ஊத்துனேன்."

"நான் வீட்டுக்குப் போவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று மனைவியைக் கேட்டார் வாத்தியார். குரல் கீழே போய்விட்டது.

"செத்த சுண்ணாம்ப நீங்க நிறுத்தப்பவே தெரியும். நீங்க போகாட்டி நானே சோத்துக்குக் கூப்பிட்டிருப்பேன்." அவள் கோபப்படவில்லை. அதுதான் வாத்தியாருக்குத் தாங்கவில்லை. "ஆனா இரும்ப முக்கினவுக தோத்தவுகன்னு நான் சொல்லலைங்க; சொன்னதும் நீங்க, முதல்ல முக்கினதும் நீங்க. நேத்துச் சனிக்கிழமைப் பாக்கிக்கு ஒரு படி உளுந்து, நாலு படி அரிசி ஊறப் போட்டிருக்கேன். தண்ணி எத்தனை சதவீதம்னு நீங்களே கணக்குப் போட்டு ஆட்டுங்க."

பலகையும் வீணாகவில்லை. காற்றுப் பட்டால் சுண்ணாம்பு செத்துப்போகும் என்பதால் பாக்கியத்தின் பெரிய பானைக்கு நல்ல மூடி ஒன்று தேவைப்பட்டது. இன்றைக்கும் அதன் மேல் ஞானசிகாமணி பி.எஸ்ஸி., பி.டி., குப்புறக் கிடக்கிறார்.