ரெண்டு மணிச் சங்கு

இந்தியாவிலேயே சாதியும் மதமும் அடியோடு ஒழிந்த ஒரே இடம் எங்கள் மில்தான். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, 1987-லேயே ஒழித்துவிட்டோம். டைம் ஆபீஸ் கிளார்க்கான நானே சாட்சி. இங்கே யாரும் 'நீ என்ன ஆளு?' என்று கேட்பதில்லை. 'எந்த ஷிப்ட்?' என்றுதான் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று விழுந்த ஷிப்ட் லேசில் மாறாது.

முதல் ஷிப்ட்காரர் வீட்டில் காதுகுத்து என்றால் முதல் ஷிப்டே திரண்டு போகும். ரெண்டாம் ஷிப்ட்காரருக்குக் காய்ச்சல் என்றால் ரெண்டாம் ஷிப்டே கஞ்சியோடு ஓடும். அப்படி ஒரு பாசம்! ஷிப்டுக்கு ஒரு வேன்கூட வாங்கிவிட்டோம்.

ஒரு நாள் ரெண்டாம் ஷிப்ட் பிச்சை முகம்மது பத்து நிமிஷம் முன்னதாகவே வந்தான். முதல் ஷிப்ட் சுந்தரபாண்டியன் அன்றைக்கு மம்சாபுரத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும்.

"நீ போயி மூஞ்சியக் கழுவு மாப்ளே, மெஷின நான் பாத்துக்கிடுதேன்."

ஷிப்ட் மாறும் ரெண்டு மணிச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே மெஷின் பிச்சை முகம்மதின் வலது கையை இழுத்துவிட்டது.

மில் கம்பவுண்டர் தவசிமுத்து துணியைச் சுற்றிக்கொண்டே கத்தினார்: "இப்பமே மதுரைக்குக் கொண்டு போனா கை பொழைச்சிரும். வேனை எடுங்கய்யா!"

கேட்டில் ரெண்டு வேனும் நின்றன. எங்கள் நியாய உணர்வை இங்கேதான் பார்க்க வேண்டும்.

"பாவம், நல்ல பய. ஆனா ரெண்டாம் ஷிப்ட் ஆளுல்லா?" என்றான் சுந்தரபாண்டியன், கழுவிய முகத்தோடு.

"அடிபட்டது ஒங்க ஷிப்ட்லதாம்லே. சங்கு ஊதி முடியலயே" என்றார் ரெண்டாம் ஷிப்ட் தலைவர் கருத்தையா.

"ஊத ஆரம்பிச்சிருச்சுல்லா?"

"ஆரம்பிச்சா போதுமா?"

"அண்ணாச்சி, எந்த வேன்னாலும் சரி" என்று பிச்சை முகம்மது முனகினான். சம்பந்தப்பட்டவர் கருத்துச் சொல்வது முறையல்ல என்று அவனை அமர்த்தினோம்.

விவகாரம் என்னிடம் வந்தது. அவன் வந்த நேரம் பதிந்த பஞ்ச் கார்டைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேர 'விசாரணை'க்குப் பின் தீர்ப்பளித்தேன்: சங்கு ஊதும் அரை நிமிஷம் எந்த ஷிப்டுக்கும் சொந்தமல்ல. ஆகவே அவனும் யாருக்கும் சொந்தமல்ல. இரு தரப்பும் கைதட்டின.

ஆபீஸ் ஜீப் வேப்பமரத்தடியில் சும்மாதான் நின்றது. சாவி என் பையில். ஆனால் அது ஆபீஸ்காரர்களின் ஜெனரல் ஷிப்ட் ஜீப்! கடைசியில் பஞ்சு இறக்க வந்த லாரிக்காரர் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். அவருக்கு ஷிப்ட் கிடையாது.

கை போய்விட்டது. இப்போது அவன் மில் வாட்ச்மேன். தினமும் காலையில் இடது கையால் எனக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. கூச்ச சுபாவம்.

ஆனாலும் அவன் இப்போது ஜெனரல் ஷிப்ட், எங்கள் ஆள். இனி அந்த இடது கைக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், ஜீப் சாவியோடு முதல் ஆளாக நான் ஓடுவேன்.