நொதியை அடக்கிய நீலம்

அன்பு அக்காவுக்கு,

இங்கே நானும் வீட்டுக்காரரும் உடம்பளவில் சௌக்கியம். அத்தானின் முட்டிவலியும், பள்ளியில் நீண்ட விடுப்புப் போட்டு ஆராய்ச்சிக்கு வந்ததில் என் மேல் உனக்குள்ள கோபமும் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன். நம் பள்ளித் தலைமையாசிரியையிடம் பேசி, என்னைப் பழையபடி வேதியியல் வகுப்பெடுக்கச் சேர்த்துக்கொள்ளச் சொல்.

நாலு வருடமாக நான் காய்ச்சுவது தாலோசயனின் என்ற நீலச் சாயப் பொருள். அதன் நடுவில் துத்தநாகத்தை உட்காரவைத்து, ஓரங்களில் விதவிதமாக வால் ஒட்டி, மறதி நோயில் பங்குள்ள ஒரு நொதியை அது அடக்குமா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு நாள் முழுக்கக் கொதித்தால் ஒரு சிட்டிகை தூள் வரும். அது தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையாது, ஆனால் வீட்டுக்காரரின் சட்டைக் காலரில் கூப்பிடாமலே போய் ஒட்டிக்கொள்ளும். சலவைக்கடை வைத்திருக்கும் இவர் சட்டையே நீலமாக இருந்தால் யார் துணி போடுவார்கள், நீயே சொல். குளியலறை நீலம், பூனை நீலம், என் காது மடல் நீலம். போகட்டும், பன்னிரண்டாவது தூள் ஒருவழியாகக் கரைந்தது. நொதி வேலை செய்தால் ஒளிரும் சரக்கு ஒன்று உண்டாகிக் கரைசல் ஒளிரும், அடங்கினால் இருட்டு. தூளைப் போட்டேன், தொண்ணூற்றெட்டு சதவீதம் இருட்டு! வழிகாட்டி அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். எனக்காக அவர் எழுந்தது அன்றுதான். துறை முழுக்க இனிப்பு கொடுத்தார்கள், கருத்தரங்கில் எனக்கு முதல் பேச்சு என்றார்கள். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். இவர் இஸ்திரிப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "ஏம்மா, அந்தத் தூளே கருநீலமாச்சே. விளக்கு மேல போர்வையப் போட்டு மூடிட்டு கரண்டு போச்சுன்னு சொன்னா எப்படி?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று அவரோடு பேசவில்லை. மறுநாள் நொதியே இல்லாமல், தயாராக வாங்கிவைத்திருந்த அந்த ஒளிரும் சரக்கில் மட்டும் தூளைப் போட்டுப் பார்த்தேன். அதே தொண்ணூற்றெட்டு! இல்லாத நொதியை அடக்கியிருக்கிறேன் அக்கா. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். வழிகாட்டி மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். போதும்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு நீலம் ஒட்டாமல் ஆளுக்கொரு முத்தம்.

தோற்றுப்போன உன் தங்கை

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் மேசையைக் காலி செய்துவிட்டு வரலாமென்று ஆய்வகத்துக்குப் போனேன். கொட்டவிருந்த, நொதி போட்ட பழைய கரைசல்களைச் சும்மா ஒருதடவை எந்திரத்தில் வைத்துச் சுழற்றினேன். கரைந்துவிட்டதாக நான் நினைத்த நீலமெல்லாம் அடியில் படிந்துவிட்டது. மேலே தெளிந்ததை அளந்தேன். அப்போதும் இருட்டு! போர்வையை எடுத்த பிறகும் விளக்கு எரியவில்லை அக்கா! நொதி நிஜமாகவே அடங்கியிருக்கிறது! குதித்துக்கொண்டு இவருக்குப் போன் செய்தேன். "ரொம்ப சந்தோஷம்மா," என்றார். "ஆமா, ஒளிர்ற சரக்கும் நீலத்தோட ஒட்டிக்கிட்டு அடியில போயிருந்தா?"

எனக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். தலைமையாசிரியையிடம் வேலை கேட்காதே. இன்னும் ஒரு வருடம் விடுப்புக் கேள். பின்குறிப்புக்கு வருமுன்பே பேசித் தொலைத்திருந்தால், தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல். உடனே நம்புவார்.