ஊர் கேட்ட ரகசிய டெலிபோன்

ரகசியம் காப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. ரகசியம் என்ற சொல்லையே ஊரைக் கூட்டித்தான் சொல்வார்கள். நான் பார்த்தவர் சக்கரபாணி. திருவண்ணாமலை தேரடிப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் அதிகாரி. மதுவிலக்கு இருந்த காலம். வேலூருக்கு டெலிபோன் பேசினால் வேலூருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டியிருந்த காலம்.

சாராய ரெய்டுக்கு இவர் போய்ச் சேருமுன் அடுப்பு அணைந்திருக்கும், பானை கவிழ்ந்திருக்கும், காய்ச்சியவன் குளித்து விபூதி பூசி மலை சுற்றக் கிளம்பியிருப்பான். "லைன்ல எவனோ ஒட்டுக் கேக்கறான்!" என்று சக்கரபாணி மேலிடத்துக்கு எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். மேலிடமும் மனமிரங்கிப் பணம் ஒதுக்கியது. வந்தது ரகசிய டெலிபோன். நடுவில் யார் கேட்டாலும் தவளை கத்துகிற மாதிரித்தான் இருக்குமாம். அதற்குத் தனி அறை, இரட்டைப் பூட்டு, 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு' என்று சுவரில் ஒரு பலகை. எல்லாம் சரி, உள்ளே புழுங்கியதே! மின்விசிறிக்கு யாரும் பணம் ஒதுக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தார். ஜன்னலை ஒட்டிச் சடையன் டீக்கடை.

அப்போதுதான் காசியம்மாள் வந்தாள். புருஷன் கூலியெல்லாம் சாராயத்துக்கே போகிறது. காய்ச்சுகிறவன் பக்கத்துக் கொல்லை அப்பாதுரை.

"எம் பேரு மட்டும் வெளிய வராம பாத்துக்கங்க சார். தெரிஞ்சா ஊர்ல இருக்க வுடமாட்டான்."

"கவலைய வுடும்மா. இப்ப மிஷினே வந்துடுச்சு!"

அவள் படியிறங்குவதற்குள் சக்கரபாணி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பழைய வழக்கத்தில் அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார்.

"ஹலோ! வேலூரா? பரம ரகசியம் சார்! நாளைக்கு ரெய்டு! அப்பாதுரை கொல்லை! யாரு சொன்னதா? காசியம்மாள்! கா... சி... யம்மாள்! பேரு வெளிய போவக்கூடாது சார்!"

டீக்கடையில் ஒருவரும் டீ குடிக்கவில்லை. காசியம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மா, நீ ஊருக்குப் போவாத. பஸ் ஏறி அம்மா வூட்டுக்குப் போயிடு" என்றான் சடையன்.

"மாடு கட்டியிருக்குதுண்ணா" என்று எழுந்து போனாள்.

மறுநாள் ரெய்டு நடந்தது. அடுப்பிருந்த இடத்தில் துளசிச் செடி இருந்தது. காசியம்மாளின் வைக்கோல் போர் இருந்த இடத்தில் சாம்பல் இருந்தது. நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சக்கரபாணிக்கும் எரிந்தது, பாவம். நேராக ரகசிய அறைக்குப் போனார்.

"மிஷின் சரியில்ல சார்! இதையும் எவனோ கேட்டுட்டான்! இன்னும் ஒசத்தியா ஒண்ணு அனுப்புங்க! இது நமக்குள்ள இருக்கட்டும்!"

டீக்கடையே தலையாட்டியது. மேலிடம் மறுபடியும் பணம் ஒதுக்கியது. வைக்கோலுக்கு ஒதுக்க வழியில்லையாம்.

சிரிக்கிறீர்களா? போன வாரம் ஒருத்தி உங்களை நம்பி, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஒன்றைச் சொன்னாளே, அதை யார் யாரிடம் சொன்னீர்கள்? "நமக்குள்ள இருக்கட்டும்" என்று சொல்லித்தானே சொன்னீர்கள்? போகட்டும். அடுத்த முறை சொல்லுமுன், அவள் படியிறங்கிவிட்டாளா என்றாவது பாருங்கள்.