பாதி மாவைக் காணோம்

உடம்புக்கு நல்லது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வேப்பங்கொழுந்தாக இருந்தாலும் மென்று விழுங்கிவிடுவேன். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. பக்கத்தில் இருப்பவர் வாயையும் திறந்து ஊட்டிவிடுவேன் என்பதுதான் என் வியாதி. இதற்கு மட்டும் நாட்டு வைத்தியத்தில் மருந்தே கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

கல்யாணமாகி மதுரையிலிருந்து கோத்தகிரிக்கு வந்த புதிது. என் கணவர் சண்முகம் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு பேக்டரியில் டீமேக்கர். பச்சை இலை வந்து இறங்குவதிலிருந்து டீத்தூள் மூட்டையாகி லாரி ஏறும் வரை அவர் பொறுப்பு. ஆனால் வேலை நிரந்தரமாகவில்லை. "டீத்தூளு வாங்க வர்ற கோயமுத்தூர் பையரு உன்ற டீயைக் குடிச்சுப் போட்டு ஆர்டர் குடுத்துட்டார்னா, அன்னைக்கே பர்மனென்ட்" என்று முதலாளி சொல்லியிருந்தார். குடுக்காவிட்டால்? திருப்பூருக்குப் போய் மச்சான் பனியன் கம்பெனியில் நிற்க வேண்டியதுதான். இவரோ இலையை முகர்ந்து பார்த்தே அது எந்தச் சரிவில் பறித்தது என்று சொல்கிற மனிதர். பனியனை முகர்ந்து என்ன சொல்வார்?

நான் வந்த ஆறே மாதத்தில் அடுக்களையில் ஆட்சி மாறியிருந்தது. வெள்ளைச் சர்க்கரை போய்க் கருப்பட்டி வந்தது. அரிசி டப்பாக்களில் சாமை, வரகு, குதிரைவாலி குடியேறின. என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனம்முணி, நம்மூட்டுல கிளி ஏதாச்சும் வளக்கறமா?" என்று கேட்டார். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியதும் அந்தக் கேள்வி நின்றது. எனக்குத் தலைக்கனம் ஏறியது.

என் புகழ் முதலாளி காது வரை போய்விட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் இவரைக் கூப்பிட்டு, "பையரு வியாழக்கிழமை காலைல வர்றாரு. அவருக்கும் என்னையாட்டமே சுகரு. ஓட்டல் டிபன் வேண்டாம். உங்கூட்டுல சிறுதானிய இட்லி சுடறாங்களாமா? அங்கயே சாப்பிட்டுப் போட்டு, நேரா பேக்டரிக்குப் போயி டீயைப் பார்த்துரலாம்" என்று சொல்லிவிட்டார்.

இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பையர் இட்லி சாப்பிடுவார், மனம் குளிர்வார், அந்தக் குளிர்ச்சியோடு டீயைக் குடிப்பார், ஆர்டர் கொடுப்பார், இவர் நிரந்தரமாவார். எல்லாம் என் இட்லியால்! அன்று சாயங்காலமே சாமையும் கருப்பு உளுந்தும் அரைத்தேன். வெந்தயம் சேர்த்தேன். சுகருக்கு நல்லது. சுக்கு, மிளகு, ஓமம் சேர்த்தேன். செரிமானத்துக்கு. பெருங்காயம் தாராளமாகச் சேர்த்தேன். வாயுவுக்கு. (பையருக்கு வாயுத் தொல்லை இருக்கிறதா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இருந்தால்?)

புதன்கிழமை காலை தூக்குவாளியைத் திறந்து பார்க்கிறேன். மாவு வைத்தது வைத்தபடி, அசைவில்லாமல் கிடக்கிறது. மதுரையில் அரைத்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். இங்கே மார்கழிப் பனியில் தேங்காய் எண்ணெயே கட்டையாக நிற்கிறது, மாவு எங்கே பொங்கும்?

"ரெண்டு நாளு ஆகும் கண்ணு. நாங்கெல்லாம் கம்பளியச் சுத்தி வெப்போம்" என்றார் அத்தை.

கம்பளி சுற்றினேன். வெந்நீர் அண்டா பக்கத்தில் வைத்தேன். என் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்தும் பார்த்தேன். எனக்குத்தான் சளி பிடித்தது.

சளி என்றதும் சொல்ல வேண்டும். அந்த வாரம் இவருக்கும் மூக்கு அடைத்திருந்தது. விடுவேனா? தூதுவளை ரசம், கற்பூரவல்லிக் கஷாயம், நொச்சி இலை ஆவி என்று எல்லா முனையிலிருந்தும் தாக்கினேன். புதன்கிழமை விடியற்காலை இவர் கிளம்பும்போது, மூக்குக்குக் கீழே தைலத்தை அழுத்தித் தேய்த்துவிட்டேன்.

"அடியே, தைலத்தோட பேக்டரிக்குள்ள போக முடியாது. டீத்தூளு பக்கத்துல இருக்கற வாசத்தையெல்லாம் இழுத்துக்கும்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"அங்க போய் மூஞ்சியைக் கழுவிக்கங்க. மருந்து அதுக்குள்ள உள்ள போயிரும்."

மருந்து உள்ளே போனது. நன்றாகவே போனது. அதன் பிறகு இரண்டு நாளைக்கு அந்த மூக்குக்குத் தைலத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு இவருக்குக் காலை டிபன் கொண்டு போவது வழக்கம். கேரியரை எடுக்கும்போதுதான் அந்த எண்ணம் மின்னியது. இந்த ஊரிலேயே இருபத்துநாலு மணி நேரமும் சூடாக இருக்கிற ஒரே இடம் எது? டிரையர்! ஈர இலையைக் காயவைக்கிற பெரிய இயந்திரம். பின்னால் விறகு அடுப்பு எரியும். அந்தச் சூட்டுக் காற்றைப் பெரிய காற்றாடி ஒன்று இழுத்து உள்ளே இலைக்குள் ஊதும். அடுப்புக்கு மேல் ஒரு செங்கல் திட்டு உண்டு. அதன் பின்னால், கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமல், அடுப்பை மூடிய இரும்புத் தகடு. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. அங்கே கையை வைத்தால் சித்திரை மாத மதுரை மாதிரியே இருக்கும்!

பேக்டரி வாசலில் ஒரு பலகை உண்டு. "பூ, சென்ட், பீடி, வெங்காயம் உள்ளே கொண்டு வரக் கூடாது." நான் சட்டத்தை மதிக்கிறவள். தலையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி வாட்ச்மேன் நாற்காலியில் வைத்தேன். பலகையை மறுபடியும் மேலிருந்து கீழ் வரை படித்தேன். மாவு என்று அதில் எங்கேயும் இல்லை. நிம்மதியாகப் பெருங்காயம் போட்ட தூக்குவாளியோடு உள்ளே போனேன்.

இவரிடம் கேரியரைக் கொடுத்தேன். வாளியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு டிரையர் பக்கம் சுற்றிப் போனேன். டிரையர் வாயில் ராமையா அண்ணன் நின்றிருந்தார். சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர்.

"என்னா தங்கச்சி, இந்தப் பக்கம்?"

"குளிருதுண்ணே, கொஞ்சம் கை காயவைக்கலாம்னு."

"காயவைங்க, காயவைங்க. நாளைக்குப் பெரிய தொரை வாறாராம், இன்னைக்கு நல்ல தேத்தண்ணியா போடணுமின்னு ஐயா ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

அவர் கொழுந்தைக் கிளறத் திரும்பினார். நான் எட்டி வாளியைத் திட்டில் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வாளி கழுத்து வரை நிறைந்திருந்தது. மாவு பொங்கினால் எங்கே போகும் என்று யோசித்திருக்க வேண்டும். பொங்க வேண்டும் என்று மட்டுமே யோசித்தேன்.

சாயங்காலம் கேரியரை எடுக்கிற சாக்கில் போய் வாளியை இறக்கினேன். ஆஹா! பஞ்சு! மல்லிகைப்பூ! உள்ளே காற்றுக்குமிழ் ஒவ்வொன்றும் கண் சிமிட்டியது. கோத்தகிரியில் மதுரை மாவு! ஆனால் வாளியில் பாதிதான் இருந்தது. மீதியை யாரோ அள்ளியிருக்கிறார்கள். ராமையா அண்ணன் வேறு, "மத்தியானம் பூரா எங்கிருந்தோ தோச வாசம் வந்து வகுத்தக் கிள்ளிருச்சு தங்கச்சி" என்றார். திருடின கை சும்மா இருக்காது, வாய் உளறிவிடும் என்று நினைத்துக்கொண்டு அவரை ஒரு முறை முறைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் வந்ததும், டீ எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்குது. எனக்கென்னமோ எதைக் குடிச்சாலும் தைலமாத்தான் இருக்குது" என்றார்.

வியாழக்கிழமை காலை பையர் வந்தார். கனத்த உடம்பு, மெல்லிய மீசை. என் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க, இது என்னங்க இட்லி! வாசமே தூக்குதுங்க. பெருங்காயமுங்களா? ஓமமும் இருக்குதுங்களே! வெந்தயம் பின்னாடி வருதுங்க."

நாக்கு என்றால் அது நாக்கு. ஒவ்வொரு மருந்தாகப் பெயர் சொல்லிக் கண்டுபிடித்தார். மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டார். நான் வானத்தில் பறந்தேன். அடுக்களையிலிருந்து அத்தையும் சந்தோஷமாக எட்டிப் பார்த்தார். "அம்மாவும் வாங்க, உங்க ஊட்டுக்காரரு டீ ஆர்டர் வாங்கறதைப் பாருங்க" என்று முதலாளியே என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

டேஸ்டிங் மேஜையில் வெள்ளைக் கிண்ணங்களில் டீ வரிசையாக இருந்தது. பையர் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பினார். புருவம் நெளிந்தது. தண்ணீரால் வாய் கொப்புளித்தார். மறுபடி உறிஞ்சினார்.

"மன்னிக்கோணுமுங்க, நம்ம வாயில இன்னும் இட்லி இருக்குதாட்ட இருக்குது" என்று சொல்லி மூன்றாம் முறை கொப்புளித்தார். பிறகு முந்தின வாரத்து டீக் கிண்ணத்துக்குப் போனார். உறிஞ்சினார். முகம் மலர்ந்தது. திரும்ப நேற்றைய டீக்கு வந்தார். உறிஞ்சினார். கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பெருங்காயம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஓமம்" என்றார். கடைசியாக என்னைத் திரும்பிப் பார்த்து, "வெந்தயம் பின்னாடி வருதுங்க" என்றார்.

மேஜையைச் சுற்றி நின்ற எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்போதுதான் ராமையா அண்ணன் கையில் எதையோ ஏந்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் கருகிய ஒரு பெரிய முறுகல் தோசை.

"தொரை! அடுப்பு மேல இரும்புத் தகட்டுல யாரோ ரோஸ்ட்டு ஊத்தி வெச்சிருக்காங்க! வாசமெல்லாம் காத்தாடி வழியா டிரையருக்குள்ள போயிருக்கு!"

காணாமல் போன பாதி மாவு அதுதான். வாளியிலிருந்து பொங்கி வழிந்து, தகட்டில் பரவி, தானே வெந்து, அந்த வாசத்தை அன்றைக்குக் காய்ந்த மொத்த டீத்தூளுக்கும் ஊதிவிட்டிருந்தது. பேக்டரியில் அதை முகர்ந்து கண்டுபிடித்திருக்க வேண்டிய ஒரே மூக்கை நான் தைலம் போட்டு அடைத்து வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் நானே கதவைச் சாத்தியிருக்கிறேன்!

இவர் முகம் வெளுத்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திருப்பூர் பஸ் கண் முன்னால் நின்று ஹாரன் அடித்தது. "தப்பு என்னோடதுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். அது கூடத் தேவைப்படவில்லை. என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது.

பையர் அந்த ரோஸ்ட்டை வாங்கி ஓரத்தைக் கொஞ்சம் ஒடித்து வாயில் போட்டார். (சத்தியமாகச் சொல்கிறேன், போட்டார்.) மென்றார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் கிண்ணங்கள் ஆடின. "போன வாரத்து டீ நல்லா இருக்குதுங்க. அதே மாதிரி அடுத்த மாசம் போட்டு வையுங்க, வந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, மீதி ரோஸ்ட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வந்தார். குடித்தார். ஆர்டர் கொடுத்தார். இவர் நிரந்தரமானார். அந்த ஒரு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தினமும் காலையில் கிளம்பும்போது, "உன்ற முந்தானையைக் கொஞ்சம் விரிச்சுக் காட்டு" என்று மட்டும் கேட்பார்.

அந்தத் தூளை வெளியில் விற்க முடியாதென்று முதலாளி எங்களுக்கே கொடுத்துவிட்டார். மழைக்காலம் வரை வீட்டில் அந்த டீதான். கருப்பட்டி போட்டுக் குடித்தால் மோசமில்லை என்று நான் சொல்வேன். அத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. டீயும் இட்லியும் ஒரே டம்ளர்ல வந்துருது, தனியா டிபன் எதுக்கு?" என்பார். இன்றைக்கும் விருந்தாளிகளுக்கு நான் டீ கொடுத்தால் குடும்பமே ஒரு கணம் நின்று டம்ளரை முகர்ந்த பிறகுதான் குடிக்கும். வந்தவர்கள் இது ஏதோ எங்கள் குலவழக்கம் என்று நினைத்து அவர்களும் முகர்வார்கள்.

பேக்டரி வாசல் பலகையில் அந்த வாரமே கடைசியில் ஒரு வார்த்தை சேர்ந்தது. போன வருடம் எழுத்து மங்கிப்போய்ப் புதிதாக எழுத ஆள் வந்தபோது, நான் கேரியரோடு அங்கேதான் நின்றிருந்தேன். அவர் பழைய பலகையைப் படித்துவிட்டு முதலாளியிடம் கேட்டார்: "ஏனுங்க, பூ, சென்ட், பீடி, வெங்காயம் சரி. இட்லி மாவுன்னு போட்டிருக்குதுங்களே, அதை எடுத்தரலாமுங்களா? பேக்டரிக்குள்ள எவனுங்க இட்லி மாவு கொண்டு வருவான்?"

முதலாளி என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த கேரியரைப் பார்த்தார்.

"அதை மேல கொண்டாந்து, சிவப்புல, பெருசா எழுது" என்றார்.