அறுநூறு ஜாடி வெள்ளரிக்காய்

1952 ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேன்மை பொருந்திய அக்கா போர்பாலாவின் சமுகத்துக்கு, உன் ஒரே தம்பியும் ஹங்கேரி மக்கள் குடியரசின் மூன்று ஜில்லாக்களில் பேர்போன பொய்யனுமாகிய ஆம்புருஷ் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். இருக்கக்கூடாத அளவுக்கு நலம். அவ்விடம் நீயும், உன் முழங்கால் வலியும், கூட்டுப்பண்ணைக்காரர்கள் விட்டுவைத்திருந்தால் உன் மூன்று வாத்துகளும் சுகமா என்று அறிய ஆவல்.

அக்கா, ஒருத்தரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன், என் மீசைமேல் ஆணை. தீஸா நதியில் நான் ஒரு கெளுத்தி பிடித்தேனே, வாலை வண்டியில் ஏற்றி முடித்தபோது தலை அடுத்த ஜில்லாவில் நீந்திக்கொண்டிருந்ததே, அதையாவது அப்பா பாதி நம்பினார். இதை அவரும் நம்பமாட்டார். என்னோடு தங்கி எங்கள் ஆலையில் ஜாடி நிரப்பிவந்த உன் மகள் எதெல்கா இன்று காலை ரயிலேறிவிட்டாள். இந்தக் கடிதம் வரும்போது உன் அடுப்படியில் இரண்டு கையிலும் கட்டோடு உட்கார்ந்திருப்பாள். "என்னடி ஆச்சு?" என்று கேட்பாய். வாயைத் திறக்கமாட்டாள். அவள் யாரையும் காட்டிக்கொடுக்கிற பெண் இல்லை. ஆகவே என்னை நானே காட்டிக்கொடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊறுகாய் ஆலையின் சுவர்ப் பத்திரிகைக்கு நான்தான் ஆசிரியன் என்பது உனக்குத் தெரியும். வாரத்துக்கு ஓர் உழைப்பு வீரர் வேண்டும், அது மேலிடத்து உத்தரவு. திங்கட்கிழமைதோறும் ஷிஃப்டுக்கு முன்னால் அரசியல் வகுப்பு. ஜில்லாவிலிருந்து வரும் தோழர் செபெஷி, "பழைய உலகத்தில் உழைப்பு சாபம், நம் உலகத்தில் உழைப்பு பெருமை, சோர்வு என்பது முதலாளிகள் விட்டுப்போன மிச்சம்" என்பார். அந்த மிச்சத்தைக் கண்ணிமையில் சுமந்தபடி நாங்கள் நூற்று நாற்பது பேர் தலையாட்டுவோம். ஜூலை மாதம் வீரர்கள் தீர்ந்துபோனார்கள். ஒரு ஷிஃப்டுக்கு ஆளுக்குச் சாதாரண இலக்கு இருநூறு ஜாடி. எதெல்கா ஒரு நாள் அதற்குமேல் ஒரு பிடி அதிகமாக நிரப்பினாள். எத்தனை என்று எழுதமாட்டேன், காரணம் பிறகு வரும். அந்த எண்ணைக் காகிதத்தில் பார்த்தேன் அக்கா, எலும்பும் தோலுமா நின்னுச்சு. பக்கத்துல பிளம் சாராயம் வேற. கொஞ்சம் சதை போடுவோமேன்னு அறுநூறுன்னு எழுதினேன். கைக்கொரு ஜாடியோட உன் மகளை வரைஞ்சு, பின்னால ஒரு சூரியனையும் வெச்சேன். காலையில ஆலையே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும்னு நினைச்சேன். அம்பது வருஷமா நான் சொன்ன எதையும் யாரும் நம்பினதில்லை. அன்னைக்குப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கல.

பிறகு நடந்தவை ரயில் வேகத்தில் நடந்தன. அறுநூறு ஜில்லாப் பத்திரிகைக்குப் போயிற்று. பேண்டு வாத்தியம் வந்தது. எதெல்காவுக்கு ஒரு பூங்கொத்தும், கட்சித் தலைவரின் மார்பளவுச் சிலை ஒன்றும் கொடுத்தார்கள். அது இப்போது எங்கள் சமையலறையில் வெங்காயக் கூடையை முறைத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த திங்களன்று தோழர் செபெஷி எழுந்து, "ஒருத்தி அறுநூறு போடுறப்போ மத்தவங்க முந்நூத்தைம்பது போட என்ன தடை? மனத்தடைதானே?" என்று கேட்டார். மனத்தடை அன்றைக்கே நீக்கப்பட்டது. எல்லோருக்கும் இலக்கு முந்நூற்றைம்பது. நிரப்புகிற கூடத்துப் பெண்கள் நாற்பது பேரும் உன் மகளோடு பேச்சை நிறுத்தினார்கள். தெர்கா என்ற பெரியம்மா மட்டும் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம்: "வாடியம்மா அறுநூறு! உங்க மாமனுக்குப் பேனா, எங்களுக்கு முதுகா?" வீராங்கனையைப் பார்க்க வாரம் இரண்டு குழு வரும். அவர்கள் முன்னால் மெதுவாகவா நிரப்ப முடியும்? ஜாடி விளிம்பு கிழித்த விரலில் வினிகர் இறங்கும். அவள் சிரித்துக்கொண்டே நிற்பாள்.

ஒரு ஞாயிறு, கொழுப்பு தடவிய ரொட்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்.

"மாமா, அன்னைக்கு நான் எத்தனை போட்டேன்?"

ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, அவள் காதில் சொன்னேன்.

"அதை எழுந்து நின்னு சொல்லுங்க."

"நாளைக்கே சொல்றேன்டி. சுயவிமர்சனக் கூட்டத்துல சொல்றேன். சிங்கம் மாதிரி சொல்றேன்."

எழுந்தும் நின்றேன் அக்கா! "தோழர்களே, அந்த அறுநூறு தப்பு" என்றேன். பீப்பாயில் வெள்ளரிக்காய் புளிக்கிற சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. தோழர் செபெஷி பென்சிலைக் கீழே வைத்தார்.

"கட்சிப் பத்திரிகையில வந்த எண்ணு தப்பா? எந்தப் பக்கமா தப்பு, தோழர் ஆம்புருஷ்? கூடவா, குறையவா?"

தாய் பிள்ளையைக் கேட்பதுபோல் அத்தனை மென்மையாகக் கேட்டார். ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தேன். போன மாதம் இப்படித்தான் கிடங்குக்காரர் யாநோஷி எழுந்து ஏதோ ஓர் எண் தப்பு என்றார். அவர் சைக்கிள் இன்னும் வாசலிலேயே சாய்ந்திருக்கிறது, எடுத்துப்போக அவர் வரவில்லை. உள்ளே இருந்த சிங்கம் எலியாகி, எலியும் பொந்துக்குள் போய்விட்டது. என் வாய் தானாகப் பேசிற்று:

"குறைய, தோழரே! அறுநூறு இல்ல, அறுநூத்தி நாப்பது! அவளோட வீரத்தை நான் குறைச்சு எழுதிட்டேன். பழைய உலகத்து அவநம்பிக்கை என்கிட்ட இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு!"

கைதட்டல். முதலில் யார் நிறுத்துவது என்று யாருக்கும் தைரியம் இல்லாததால் அது கால் மணி நேரம் ஓடியது. நானும் தட்டினேன். தட்டாதவள் எதெல்கா ஒருத்திதான், கையில் கட்டு இருந்ததால் யாரும் தப்பாக நினைக்கவில்லை. மறுநாள் எல்லோருக்கும் இலக்கு முந்நூற்றெண்பது.

வீட்டுக்கு வந்து எதெல்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்று எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும். டாக்டர் இரண்டு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். இன்று காலை பெட்டி கட்டும்போது சொன்னாள்:

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நிஜமான எண்ணை ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. யாருக்கும் காட்டமாட்டேன். எல்லாரும் சொல்லிச் சொல்லி, அறுநூறு போட்டேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு."

பேனாவை எடுத்தேன். ஆலை வாசலில் சாய்ந்திருக்கும் அந்தச் சைக்கிள் கண்ணில் வந்து நின்றது. "மை தீர்ந்துபோச்சும்மா" என்றேன். மைப்புட்டி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் கழுத்துவரை நிறைந்து நின்றது. அவள் புட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியை மூடினாள். அக்கா, என் ஆயுளில் சொன்ன லட்சம் பொய்யில் இவ்வளவு சின்னப் பொய்யை நான் சொன்னதில்லை. இவ்வளவு கனமானதையும் சொன்னதில்லை.

அவள் கையில் வாத்துக்கொழுப்பைத் தடவு. பிளம் ஜாமை நீயே ஊட்டிவிடு. உன் வீட்டில் விளக்கு அணையாமலும் அடுப்பு ஆறாமலும் இருக்க, கடவுள் இல்லை என்று திங்கட்கிழமைகளில் ஒப்புக்கொள்ளும் உன் தம்பி மற்ற ஆறு நாளும் வேண்டிக்கொள்கிறான்.

உன் பாதம் பார்த்து நிற்கும்,
ஆம்புருஷ்

பின்குறிப்பு: இந்த உறையை ஆவியில் காட்டிப் பிரித்துப் படிக்கும் தபால்நிலையத் தோழருக்கு வணக்கம். மேலே கண்டது அத்தனையும் கட்டுக்கதை. கூட்டம் நடக்கவில்லை, வாசலில் சைக்கிள் இல்லை, தோழர் செபெஷி தங்கமான மனிதர், என் மருமகள் கையைக் கதவிடுக்கில் நசுக்கிக்கொண்டாள். நான் பொய்யன் என்பதற்கு அந்தக் கெளுத்தியே சாட்சி. இதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம்: ஜூலை 9, காலை ஷிஃப்டில், எதெல்கா நிரப்பியது 212 ஜாடி. எழுத்தால் இருநூற்றுப் பன்னிரண்டு. இப்படிக்கு, ஆம்புருஷ் கெரெக்கெஷ், சுவர்ப் பத்திரிகை ஆசிரியர்.

அக்கா, இந்தக் கடைசி வரிகளைக் கத்தரித்து அவளிடம் கொடு. மை இருந்தது என்று சொல்.